கடல்மட்ட வரிசை

எல் ஆல்டோவில் காலை ஏழு மணி.
எக்ஸாஸ்ட் புகையில் கைகளைக் குளிர்காய விட்டு நிற்கிறார்
பல் மருத்துவர் ரோமுலோ தார்கி.
அவருடைய சிவப்பு வண்டி ஜப்பானில்
வலக்கைக்காரனாய்ப் பிறந்தது.
இக்கிக்கே துறைமுகத்தில் யாரோ
ஸ்டீயரிங்கை அறுத்து இடப்பக்கம் நட்டார்கள்.
மழைத் துடைப்பான் மட்டும் இன்னும்
பழைய ஆளுக்கே துடைக்கிறது.

"இருநூற்றெண்பது குதிரை என்று விற்றான்.
இங்கே ஒரு கழுதைகூடக் காணோம்."

லேப்டாப்பைச் செருகுகிறேன்.
வெளிக்காற்று அறுபத்தொரு கிலோபாஸ்கல்.
டர்போ இல்லாத வண்டிகள் இந்த ஊரில்
நின்ற இடத்திலேயே மூச்சு வாங்கும்.
டர்போ உள்ளது பொய் சொல்லும்:
இல்லாத காற்றை இருப்பதாய்க் காட்ட
வெறிபிடித்துச் சுழலும்,
ஒரு நாள் தண்டு ஒடியும்வரை.
அந்தப் பொய்க்கு எல்லை குறிப்பது என் பிழைப்பு.

திரையில் ஓர் அட்டவணை.
குறுக்கே இன்ஜின் வேகம், நெடுக்கே காற்றழுத்தம்.
ஐம்பத்தைந்து, அறுபது, அறுபத்தைந்து.
இந்தக் கட்டங்கள் எனக்கு வீட்டு அறைகள்,
இருட்டிலும் இடித்துக்கொள்ள மாட்டேன்.
ஓருரோ நெடுஞ்சாலை இங்கே இருக்கிறது,
எண்பத்தைந்து ஆக்டேன் பெட்ரோலுக்காக
வரிசையில் விடிந்த இரவும்.
எண்பத்து மூன்றில் என் தங்கையின் கல்யாணம்
கொரோய்கோவில்; சாப்பாடு தாமதம்.
அதற்குக் கீழே
தொண்ணூறு, தொண்ணூற்றைந்து, நூறு
எல்லாமே என் குத்துமதிப்பு.
நூறில் நான் ஒரு மூச்சும் விட்டதில்லை.

எங்கள் நாட்டுக்குக் கடற்படை உண்டு, கடல் இல்லை.
மார்ச் மாதத்தில் ஒரு நாள்
பள்ளியில் அணிவகுத்து அதைக் கேட்போம்.
நீலக் காகிதத்தில் நான் வெட்டிய அலையைப் பார்த்து
"அலை இவ்வளவு கூராய் இருக்காது" என்றார் டீச்சர்.
அவரும் பார்த்ததில்லை.

"வெள்ளிக்கிழமை அரிகா போகிறேன்," என்கிறார் தார்கி.
எதற்கென்று சொல்லவில்லை.
பின்சீட்டில் ஒரு மிதவை வளையம்,
சின்னது, விலைச்சீட்டோடு.

நூறாம் வரிசையில் பற்றவைப்பை
இரண்டு டிகிரி பின்னுக்கு இழுத்தேன், பயந்துதான்.
வேஸ்ட்கேட்டைக் கொஞ்சம் முன்னதாகவே திறக்கச் சொன்னேன்.
"கிளம்பும்போது பதிவுப் பொத்தானை அழுத்துங்கள்.
மறந்தால் நான் பொறுப்பில்லை."

ஞாயிறு இரவு கோப்பு வந்தது.

ஐம்பத்தேழு: தம்போ கெமாடோ, எல்லைச்சாவடி.
நாற்பது நிமிடம் சும்மா உறுமி நின்றிருக்கிறது வண்டி.
பிறகு இறக்கம்.
எழுபது.
எண்பத்து மூன்று, தங்கையின் கல்யாணத்தை
ஐந்தாம் கியரில் தாண்டிவிட்டார்.
தொண்ணூற்றாறு.
நூற்றொன்று.
நூற்றொன்று.
நூற்றொன்று.
இதற்கு மேல் இறங்க இடமில்லை போல.

அங்கே ஒரு நேர்ச்சாலை இருந்திருக்க வேண்டும்.
மூன்றாம் கியர், மிதி முழுதாய், பதினோரு நொடி.
நாலாயிரத்து இருநூறு சுழற்சியில் பூஸ்ட் எகிற,
நாக் சென்சார் கேட்டது
ஒரே ஒரு தட்டல்.
நான் பயந்தது போதவில்லை.
அவ்வளவு கனமா அந்தக் காற்று?

அதன்பின் மூன்று மணி நேரம் பதிவில் ஒன்றுமில்லை.

அந்த ஒரு கட்டத்தில் இன்னும் ஒன்றரை டிகிரி எடுக்கிறேன்.
பக்கத்துக் கட்டங்களைத் தொடவில்லை,
அவற்றைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது.
சேமிக்கப் பெயர் கேட்கிறது திரை.
முந்தையது தார்கி நான்கு.
இதுவும் வேறொன்றும் இல்லை, தார்கி ஐந்து.

திங்களன்று வந்தால் கேட்க வேண்டும்:
அந்தத் தட்டல் உங்கள் காதில் விழுந்ததா டாக்டர்,
இல்லை, ஜன்னல் திறந்திருந்ததா?